குப்பிக்குள் மாறும் குரோமியம்

ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலை ஒட்டி ஓடும், ஊர்ச் சாக்கடையும் கலக்கும் ஒரு வாய்க்காலிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் இருக்கிறது. குரோமியத்தின் இரண்டு முக்கிய வடிவங்களில் நஞ்சு மிகுந்தது அதுதான். குப்பி ஆய்வகத்துக்கு வந்ததும், உலோகச் சோதனைக்கு வரும் எல்லாத் தண்ணீருக்கும் செய்வதுபோல, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் அதில் நைட்ரிக் அமிலம் விட்டு, பி.எச். அளவை 2-க்குக் கீழே இறக்கி அலமாரியில் வைக்கிறார். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் அது சரியான முறை. அமிலம் விடாவிட்டால் அவை குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விட்டால் ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். ஹெக்சாவேலன்ட் குரோமியத்தின் குணம் வேறு. அமிலத்தில் அது கடுமையான ஆக்ஸிஜனேற்றி. சாக்கடைத் தண்ணீரின் கரிமப் பொருளைத் தாக்கி, தான் ட்ரைவேலன்ட் குரோமியமாக மாறிவிடும். இரண்டு நாள் கழித்துக் குப்பியைத் திறந்து டைஃபீனைல்கார்பசைடு கரைசலைச் சேர்த்தால், வந்திருக்க வேண்டிய செவ்வூதா நிறம் மங்கியிருக்கும், அல்லது வராமலே போகும். 540 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்த நிறமாலைமானி தான் பார்த்ததை ஒழுங்காகச் சொல்லும். அறிக்கையில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்ற வரிக்கு எதிரே "கண்டறியப்படவில்லை" என்று அச்சாகும்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கருவி அன்று காலைதான் அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, கணக்கிலும் பிழை இல்லை. ஆனாலும் அந்த வரி தவறு. அந்தத் தண்ணீருக்குத் தனியாக ஒரு குப்பி வேண்டும். அதில் அமிலம் கூடாது. ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்திருக்க வேண்டும். (நிறச் சோதனையின்போதும் அமிலம் சேர்ப்பது உண்டு. ஆனால் சில நிமிடங்களில் நிறத்தைப் படித்து முடித்துவிடுவார்கள்.) நீர் மாசு பற்றி நாம் செய்தித்தாளில் படிக்கும், நீதிமன்றத்தில் வாதாடும், அமைச்சர் சட்டமன்றத்தில் வாசிக்கும் எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த எண்களின் உண்மையும் பொய்யும் பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் குப்பியைக் கையில் வைத்திருப்பவர் ஆய்வகத்திலேயே சம்பளம் குறைந்த, அனுபவம் குறைந்த நபர்.

ஆய்வகங்களில் வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்த்தால் இந்த முரண் தெளிவாகும். பி.எஸ்ஸி. அல்லது எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்திலோ, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ, சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ, தனியார் ஆய்வகத்திலோ ஒப்பந்த அடிப்படையில் சேரும் இளைஞருக்கு முதலில் கிடைப்பது கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. பிறகு குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது, சாம்பிள் எடுக்கப் போகும் வண்டியில் ஐஸ் பெட்டியோடு ஏறுவது, திரும்பி வந்து பி.எச்., மின்கடத்துத்திறன், காரத்தன்மை, குளோரைடு என்று டைட்ரேஷன் போடுவது. அணு உறிஞ்சு நிறமாலைமானி, ஐ.சி.பி. போன்ற கருவிகளின் பக்கம் வர ஒன்றிரண்டு ஆண்டுகளாவது ஆகும். கருவியின் விலை ஏற ஏற அதைத் தொடுபவரின் பதவியும் ஏறும். பாதுகாக்க வேண்டியது கருவி என்றால் இந்த ஏற்பாடு சரி. பாதுகாக்க வேண்டியது எண் என்றால் இது தலைகீழ். கருவியில் தவறு நேர்ந்தால் மீதமிருக்கும் தண்ணீரை எடுத்து இன்னொரு முறை ஓட்டலாம். குப்பியில் நேர்ந்த தவறுக்கு மறுபடி செல்ல இடமில்லை. ஆற்றில் அன்று ஓடிய தண்ணீர் போய்விட்டது. குப்பியில் இருப்பதோ வேறு தண்ணீர்.

தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1888-இல் லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் வகுத்த முறை இன்றும் நம் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் நடைமுறையில் இருக்கிறது. 300 மில்லி கொள்ளும், தேய்த்த கண்ணாடி மூடி போட்ட குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி ஒன்றுகூடத் தங்காமல் நிரப்ப வேண்டும். அந்த இடத்திலேயே, ஆற்றங்கரையிலேயே, மாங்கனஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடு-அசைடு கரைசலும் பிப்பெட்டின் நுனியை நீர்மட்டத்துக்குக் கீழே விட்டுச் சேர்க்க வேண்டும். மூடித் தலைகீழாகப் பலமுறை புரட்டினால் ஒரு வீழ்படிவு தோன்றும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பு. துளியும் இல்லையென்றால் வெள்ளை. சாக்கடை கலந்த ஆற்றில் அந்த வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் இங்கே மீன் வாழாது என்று சொல்லிவிடலாம், டைட்ரேஷன் வரை போக வேண்டியதில்லை. அதன் பிறகு கந்தக அமிலம் சேர்த்தால் படிவு கரைந்து, இருந்த ஆக்ஸிஜனுக்குச் சமமான அயோடின் மஞ்சளாக வெளிப்படும். அதைத் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்து, வெளிர்மஞ்சளில் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் சொட்டில் நிறுத்துகிறார்கள். வேதியியல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலத்தின் மேலிருந்து வாளியை இறக்கி, அதிலிருந்து குப்பிக்குச் சளசளவென்று ஊற்றினால் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் ஏறிவிடும். கரையில் நிலைநிறுத்தாமல் வெயிலில் நின்ற வண்டியில் கொண்டுவந்தால் பாக்டீரியாக்கள் வழியிலேயே ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். முதல் தவறு ஆற்றை நலமாகக் காட்டும், இரண்டாவது நோயாளியாக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சரியான விடை வருவதற்கும் வாய்ப்பு உண்டு. அது இன்னும் ஆபத்து.

நேரமும் இதே அளவு முக்கியம். பாசி மண்டிய குளத்தில் நண்பகலுக்குப் பிறகு ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜன் தெவிட்டு நிலையையே தாண்டி நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் தாங்கக்கூடிய செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான், பிற்பகல் மூன்று மணிக் குளம் பத்தைத் தாண்டிக் காட்டும். அதே குளத்தில் விடியற்காலையில் பாசியும் பாக்டீரியாவும் இரவெல்லாம் சுவாசித்து முடித்திருக்கும். மீன்கள் வாயைத் திறந்து மேலே மிதப்பது அப்போதுதான். குளிப்பதற்கான நீருக்கு ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. அலுவலக வண்டி பத்து மணிக்குக் கிளம்பி, நான்கு இடம் சுற்றி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளத்துக்கு வருகிறது. குளம் தேறிவிடுகிறது. சாம்பிள் எடுத்த நேரம் அறிக்கையில் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அடுத்தது பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை. பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் 1912-இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில் வேரூன்றிய அளவீடு இது. அங்கே 5 நாள், குளிர்ந்த வெப்பநிலை. இந்தியாவில் இப்போது 3 நாள், 27 டிகிரி. புதனும் வியாழனும் வைத்த குப்பியைச் சனி, ஞாயிறில் திறக்க வேண்டும் என்பதால் விடுமுறை நாளில் யார் வருவது என்ற பேச்சு எல்லா ஆய்வகத்திலும் உண்டு. வருபவர் பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவர். ஆனால் அந்தக் குப்பிகளில் அவர் மட்டுமே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கழிவுநீரை அப்படியே வைத்தால் ஆக்ஸிஜன் முதல் நாளே தீர்ந்துவிடும் என்பதால் 20 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு என்று நீர்க்க வைத்துப் பல குப்பிகள் வைப்பது வழக்கம். எந்த நீர்ப்பிலிருந்து கணக்கிட்டாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றாக வரவேண்டும். மாறாக 20 மடங்கில் 44, 50 மடங்கில் 120, 100 மடங்கில் 260 என்று ஏறிக்கொண்டே போனால்? அந்தக் கழிவில் நஞ்சு இருக்கிறது என்று பொருள். உலோகமோ சயனைடோ கிருமிநாசினியோ பாக்டீரியாக்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. நீர்க்க நீர்க்க அவை உயிர் பிழைத்து ஆக்ஸிஜனை உண்கின்றன. அறிக்கையில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது. அதில் 44 என்று எழுதினாலும் சராசரி போட்டு எழுதினாலும் பொய்தான். மிக நஞ்சான கழிவுக்கு மிக நல்ல பி.ஓ.டி. கிடைக்கும் என்பது இந்தச் சோதனையின் விசித்திரம். மூன்று குப்பிகளையும் அடுத்தடுத்து டைட்ரேட் செய்தவருக்குத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. அவருக்கு அதைச் சொல்லும் இடமும் தைரியமும் இருக்கிறதா என்பதே கேள்வி.

சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்ஸிஜன் தேவைச் சோதனை எதிர்த் திசையில் ஏமாற்றும். கழிவுநீரை டைக்ரோமேட்டோடும் கந்தக அமிலத்தோடும் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, மீந்த டைக்ரோமேட்டை ஃபெரோயின் நிறங்காட்டியின் நீலப்பச்சை செம்பழுப்பாக மாறும் வரை டைட்ரேட் செய்வார்கள். டைக்ரோமேட் கரிமப் பொருளை மட்டும் தாக்குவதில்லை, உப்பிலுள்ள குளோரைடையும் தாக்கும். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் பொய்யான சி.ஓ.டி. தரும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கழிவில் தோலைக் கெடாமல் காக்கப் போட்ட உப்பு அப்படியே வந்து சேர்கிறது. குளோரைடு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றால் அது ஒன்றே 1,130 மில்லிகிராம் சி.ஓ.டி.யைக் கூட்டிவிடும். ஆற்றில் விட அனுமதிக்கப்பட்ட அளவு 250. இதைத் தடுக்க மெர்க்குரிக் சல்பேட் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்று தெரிய, முதலில் குளோரைடு அளந்திருக்க வேண்டும். (மாசைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையின் கழிவில் பாதரசம், குரோமியம், வெள்ளி மூன்றும் உண்டு. அது ஆய்வகத்தின் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று கேட்பதும் நியாயமே.) இங்கே அநியாயமாகத் தண்டிக்கப்படுவது ஆலை முதலாளி. குப்பியின் தவறு எப்போதும் மாசுபடுத்துபவருக்கே சாதகம் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நுண்ணளவு உலோகங்களில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிறுவியவர். அதற்கு முன் அவர் பல ஆண்டுகள் போராடியது ஆய்வகத்தில் காற்றிலும் தூசியிலும் அமிலப் புட்டியிலும் தன் தலைமுடியிலும் இருந்த ஈயத்தோடு. கல்லே போடாமல் சோதனையை ஓட்டினாலும் ஈயம் வந்துகொண்டிருந்தது. மளிகைக் கடையில் தராசின் வெறும் தட்டு சமநிலையில் நிற்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தப் பார்வைக்கு ஆய்வகத்தில் வெற்றுச் சாம்பிள் என்று பெயர். பாட்டர்சன் வழிவந்த சுத்தமுறைகள் பரவியதும், கடல் நீரில் பல உலோகங்களின் அளவு முன்பு சொல்லப்பட்டதைவிடப் பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை குறைவு என்று தெரிந்தது. கடல் மாறவில்லை, குப்பி சுத்தமானது. 1991-இல் ஹெர்பர்ட் விண்டமும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அமெரிக்க நதிகளின் தேசியக் கண்காணிப்புத் திட்டத்தைப் பற்றி இதையே எழுதினார்கள். அத்திட்டத்தில் சேர்ந்திருந்த கரைந்த உலோக அளவீடுகள், நதிகளில் உலோகம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லப் போதுமானவை அல்ல என்பது அவர்கள் முடிவு. பணக்கார நாடு, நல்ல கருவிகள், திட்டத்தை நடத்தியதோ தேர்ந்த புவியியல் ஆய்வுத் துறை. ஆனால் கள வேலையில் மாசு புகுந்துவிட்டது. அந்தத் துறை தன் சாம்பிள் எடுக்கும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது.

குப்பியில் நுழைவது தூசி மட்டும் என்றிருந்தால் பயிற்சியே போதும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நுழைந்தது வேறொன்று. 2014 ஏப்ரலில் அந்த நகரம் செலவைக் குறைக்க டெட்ராய்ட் குடிநீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரையத் தொடங்கின. அன்றைய அமெரிக்க விதிப்படி வீடுகளில் எடுத்த சாம்பிள்களை ஏறுவரிசையில் அடுக்கினால் 90-ஆவது சதமானத்தில் நிற்பது 15 பிபிபி-யை, அதாவது நூறு கோடியில் 15 பங்கை, தாண்டக்கூடாது. ஆறு மணி நேரம் குழாயில் தேங்கிய முதல் நீரைப் பிடிக்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த குறிப்பில் முந்தைய இரவே குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிடச் சொல்லியிருந்தது. ஓடும் நீர் ஈயத் துகள்களைக் கழுவிக் கொண்டுபோய்விடும். கொடுத்த குப்பியும் வாய் குறுகியது, அதில் மெதுவாகத்தான் பிடிக்க முடியும். மெதுவாக ஓடும் நீர் துகளைப் பெயர்க்காது. 2015-இல் வந்த 71 சாம்பிள்களில் அளவு மிகுந்த இரண்டை மாநில அதிகாரிகள் காரணம் சொல்லி நீக்கினார்கள். 69-க்குக் கணக்கிட்டதும் நகரம் வரம்புக்குள் வந்துவிட்டது. அந்த ஆண்டே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் எட்வர்ட்ஸ் குழு, மக்களிடமே குப்பிகளைக் கொடுத்து, ஓடவிடாமல் பிடிக்கச் சொல்லி 252 வீடுகளின் நீரைச் சோதித்தபோது அந்த 90-ஆவது சதமானம் 25 பிபிபி ஆக இருந்தது. இரண்டு தரப்பிலும் கருவிகள் ஒழுங்காக வேலை செய்தன. வித்தியாசம் குழாயடியில் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்திலும், மேசையில் எடுத்த ஒரு முடிவிலும் இருந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். மனிதக் கையில்தான் கோளாறு என்றால் கையை எடுத்துவிடலாமே, எல்லாவற்றையும் தானியங்கி உணரிகளிடம் ஒப்படைக்கலாமே என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் கழிவு வெளியேறும் இடத்தில் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. இரவு இரண்டு மணிக்கு மதகைத் திறந்துவிடும் ஆலையை மாதம் ஒருமுறை வரும் கெமிஸ்ட் பிடிக்கமாட்டார், உணரி பிடிக்கும். ஆனால் அந்த உணரி நாள் முழுக்கக் கழிவுநீரில் ஊறிக்கிடக்கிறது. ஒளிச்சாளரத்தில் பாசியும் எண்ணெயும் படியும். பி.எச். மின்முனை மெல்ல வழுவும். பல கருவிகள் பி.ஓ.டி.யை நேரடியாக அளப்பதே இல்லை. நீரில் புறஊதா ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, முன்பு ஆய்வகத்தில் கண்ட உறவை வைத்து ஊகிக்கின்றன. அந்த உறவைச் சரிபார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் ஒரு குப்பி, ஒரு ஐஸ் பெட்டி, மூன்று நாள், ஒரு கெமிஸ்ட். உணரிகள் அவருடைய வேலையின் இடத்தை மாற்றுகின்றன, தேவையைக் குறைக்கவில்லை. உணரி தண்ணீரில் இருக்கிறதா, பக்கத்தில் வைத்த நல்ல தண்ணீர் வாளியில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு சாமானியரின் கண்ணிலிருந்து வருவது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பல வண்ணங்களில் ஓடியதை ஊரே பார்த்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானதை விவசாயிகள் பார்த்தார்கள். பாலாற்றங்கரையில் கிணறுகள் உவர்த்ததை நாக்கே சொன்னது. இதற்குத் தசமப் புள்ளி எதற்கு? கேள்வி கோபத்தில் பிறந்தது, கோபம் நியாயமானது. ஆனால் சாயத்தில் நிறம்தான் எளிதில் போகும் பகுதி. துணியில் சாயம் பிடிக்கப் போடும் உப்பு நிறமில்லாதது, சாதாரணச் சுத்திகரிப்புக்குப் பணியாதது. நிறத்தை நீக்கிய கழிவு பார்க்கத் தெளிந்த நீர்போல இருக்கும்; தமிழ்நாட்டில் கரைந்த உப்புக்கு வைத்திருக்கும் 2,100 மில்லிகிராம் வரம்பைப் பல மடங்கு தாண்டியும் இருக்கும். ஆர்செனிக்குக்கு நிறமில்லை, ஃபுளூரைடுக்கு வாசமில்லை, ஈயம் நாக்குக்குத் தெரியாது. கண்ணை மட்டும் நம்பினால் நிறத்தை மட்டும் நீக்கத் தெரிந்தவர் தப்பித்துவிடுவார். தவிர, 1996-இல் வேலூர் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றமும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றமும் வந்து சேர்ந்த இடத்துக்கு ஊர்க்காரர்களின் கண் மட்டும் கொண்டுபோயிருக்காது. வழக்குக்கு அளவீடு வேண்டும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. ஒரு கடைநிலை ஊழியரின் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றுவது நியாயமா? ஆலையும் அரசியலும் சேர்ந்து ஓர் எண்ணை முடிவுசெய்துவிட்டால் அந்தப் பையனோ பெண்ணோ என்ன செய்ய முடியும்? தனியார் ஆய்வகங்களில் சோதனைக்குப் பணம் கொடுப்பவரே சோதிக்கப்படுபவராகவும் இருக்கிறார். திருப்தி இல்லையென்றால் அடுத்த ஆய்வகத்துக்குப் போய்விடுவார். இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. நான் சொல்வது, அந்தப் பாரம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது என்பது. அதைத் தாங்கும் வசதியைத் தராமல் வைத்திருக்கிறோம். சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-ஆவது பிரிவில், ஆலைக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, சாம்பிளை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்கிறது. இந்த வரிசை பிசகினால் முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. கருவியைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை, முழுக்கக் குப்பியைப் பற்றித்தான் பேசுகிறது. ஆய்வகத்துக்குள்ளும் இதன் நீட்சி வேண்டும். எந்த ஆலையின் நீர் என்று சோதிப்பவருக்குத் தெரியாதபடி எண்ணிட்ட குப்பிகள். பக்கம் கிழிக்க முடியாத தைத்த நோட்டு. அடித்தால் பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு. பத்துக்கோ இருபதுக்கோ ஒரு வெற்றுச் சாம்பிளும் ஓர் இரட்டைச் சாம்பிளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஸ் உருகி வந்த குப்பியை "ஏற்கவில்லை" என்று திருப்பி அனுப்பும் உரிமை அதை வாங்குபவருக்கு. அந்த உரிமை காகிதத்தில் பல ஆய்வகங்களில் இருக்கிறது. மாத இறுதியில் இத்தனை சாம்பிள் முடித்தாக வேண்டும் என்ற இலக்கு வந்தால் அது காணாமல் போகும். செலவு கூடுமே என்பார்கள். கூடும். நம்ப முடியாத நூறு எண்ணைவிட நம்பத்தக்க எழுபது மலிவு என்பது என் கணக்கு.

நல்ல ஆய்வகங்களுக்குள்ளும் எண்கள் முழுமையாக ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வில்லியம் ஹார்விட்ஸ் என்பவர் 1980-இல், ஒரே சாம்பிளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஏராளமான ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஆய்வகங்களுக்கிடையே சுமார் 16 சதவீதச் சிதறல் இயல்பு. நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்குப் போனால் அது 45 சதவீதத்தைத் தொடும். பி.ஓ.டி. முறையைச் சரிபார்க்க வைக்கும் குளுக்கோஸ்-குளுட்டாமிக் அமிலக் கரைசலுக்கே 198 என்ற மதிப்பில் 30.5 கூடவும் குறையவும் அனுமதி உண்டு. அப்படியிருக்க, வரம்பு 30, அளந்தது 33 என்றால் ஆலை மீறிவிட்டதா? 28 என்று வந்தால் ஆறு தப்பித்ததா? ஐயத்தின் பலன் யாருக்கு என்பதை அளப்பதற்கு முன்பே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். அளந்த பிறகு முடிவுசெய்தால் அது பேரமாகிவிடும். இளநிலைக் கெமிஸ்ட்டிடம் "இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்" என்று மேலதிகாரி சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்னொரு தடவை ஓட்டலாம். ஆனால் இரண்டு எண்ணும் நோட்டில் இருக்க வேண்டும்.

கவனமாக அளந்தும் பெரும் கேடு நேர்ந்த கதை வங்கதேசத்தில் உண்டு. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அங்கே குழாய்க் கிணற்று நீரில் பல தனிமங்களை அளந்து 1992-இல் அறிக்கை கொடுத்தது. பட்டியலில் ஆர்செனிக் இல்லை. கேட்கவில்லை, அளக்கவில்லை. அதுபோன்ற கிணறுகளின் நீரைக் கோடிக்கணக்கானோர் தொடர்ந்து குடித்தார்கள். பிறகு தொடுத்த வழக்கை, அந்த மக்களுக்கு நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று சொல்லி பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2006-இல் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு நீண்ட பட்டியலைப் பார்க்கும் எவரும் அதில் இல்லாததையும் நலம் என்றே படிப்பார்கள். நம் வீட்டு வாசலில் ஆர்.ஓ. விற்க வருபவர் நீட்டும் டி.டி.எஸ். மீட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பை ஊகிக்கும் பொருள். மலக்கிருமியும் ஆர்செனிக்கும் பூச்சிமருந்தும் அதற்குத் தெரியாது. ஆகவே அறிக்கையில் அளந்தவற்றுக்குக் கீழே "சோதிக்கப்படாதவை" என்று ஒரு பத்தி கட்டாயமாக வேண்டும். பட்டியல் முழுமை பெறாது என்றாலும், படிப்பவரின் கண் அங்கே ஒரு கணம் நிற்கும்.

உங்கள் கிணற்று நீருக்கோ, ஊர் ஏரிக்கோ, பக்கத்து ஆலையின் கழிவுக்கோ ஓர் ஆய்வக அறிக்கை கைக்கு வந்தால் வலப்பக்கத்து எண்களைப் பார்ப்பதற்கு முன் மேல்பகுதியைப் படியுங்கள். சாம்பிள் எடுத்தவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் குப்பியில், என்ன சேர்த்து, ஆய்வகத்துக்கு எப்போது வந்தது, சோதனை எப்போது தொடங்கியது என்ற விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல அறிக்கைகளில் அந்த இடத்தில் "வாடிக்கையாளர் கொண்டுவந்தது" என்ற ஒரே வரிதான் இருக்கும். அப்படியானால் அந்த ஆய்வகம் உங்கள் குப்பிக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது, உங்கள் கிணற்றுக்கு அல்ல. அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். வருகிற இளைஞர் ஐஸ் பெட்டியும் தனித்தனிக் குப்பிகளும் கொண்டுவரவில்லையென்றால், தயங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு ஆய்வகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.